எப்போதும் ஒன்றாம் ஷெட்

தேவிப்ரியாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற சீமையில் பிறந்தவள்தான். ஆனால் கோபத்தில் அவள் போடும் 'ங்க' வேறு ரகம். கேட்டவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு காவல் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் தள்ளிக்கொண்டார்.

"ஏனுங்க சார், ஏழு மணிக்கு வரச் சொல்லிப் போட்டு ரெண்டு மணி நேரமா அந்தம்மாவ நிக்க வெச்சிருக்கறீங்க. பெஞ்சு காலியாத்தானுங்களே இருக்குது?"

இன்ஸ்பெக்டர் பெஞ்சைப் பார்த்தார். அதில் அவருடைய ஹெல்மெட் இருந்தது.

"அந்த ஹெல்மெட் மேல ஏதாச்சும் கேஸ் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார் இளஞ்செழியன்.

இளஞ்செழியன் தேவிப்ரியாவின் உதவியாளர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். சேலம், நாமக்கல் தடத்தில் இருபது வருடம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். மீதிச் சில்லறை தராமலேயே பயணிகளைச் சிரிக்க வைத்து இறக்கிவிட்ட வாய் அது. துப்பறியும் தொழிலுக்கும் அந்த வாய்தான் மூலதனம்.

ஹெல்மெட் இடம் மாறியது. சுவரோரம் நின்றிருந்த உஷாராணி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். இடது செருப்பின் குதிகால் தேய்ந்து, பாதி நிலா அளவுக்கு ரப்பரே காணோம். அதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். தேவிப்ரியா பார்த்துவிட்டாள்.

உஷாராணிக்கு முப்பத்தைந்து வயது. குழந்தைவேல் என்பவரின் கோழிப்பண்ணையில் ஒன்பது வருடமாக சூப்பர்வைசர். அங்கே ஐந்து ஷெட்டுகள், ஐந்தும் நாலாபக்கமும் மூடியவை. ஆளுயரக் காற்றாடிகள் காற்றை இழுத்தபடியே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அவை அரைமணி நேரம் நின்றால் உள்ளே எந்த உயிரும் தாங்காது. செவ்வாய்க்கிழமை மதியம் நாலாம் ஷெட்டில் நின்றன. இருபதாயிரம் முட்டைக்கோழிகள் போய்விட்டன.

புதன்கிழமை காலை குழந்தைவேல் புகார் கொடுத்தார். லீவு தராத ஆத்திரத்தில் உஷாராணியே காற்றாடியை நிறுத்திவிட்டாளாம். பன்னிரண்டு பத்துக்கு அவள் செல்போனுக்கு எச்சரிக்கை வந்தும் அசையாமல் இருந்தாளாம். அவள் கணவன் மதியழகன் லாரியோடு நாக்பூரைத் தாண்டி எங்கோ நிற்கிறான். அங்கிருந்துதான் தேவிப்ரியாவுக்குப் போன் செய்தான். "கோழி செத்த அன்னிக்கு அவ சோறே திங்கலீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நாலு மணிக்கு கோர்ட்ல நிறுத்தோணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. இல்லாட்டி ரிமாண்டுதான். மெசேஜ் வந்ததை அவங்களே ஒத்துக்கறாங்க."

"வந்துச்சுங்க" என்றாள் உஷாராணி. குரலில் அழுகை இல்லை. அழுது முடித்திருந்தாள். "ஒண்ணாம் ஷெட்டுன்னு வந்துச்சுங்க. நான் போய்ப் பாத்தேன். நாலாம் ஷெட்டுன்னு வரவே இல்லீங்க. பத்து மணிக்கு நாலாம் ஷெட்ட நான் பாத்தப்ப நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு."

முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்திருந்த அவள் செல்போனை ஏட்டு மேசை மேல் வைத்தார். தேவிப்ரியா குனிந்து படித்தாள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மதியம் ஒரே வாசகம்: 'ஷெட் 1. சூடு அதிகம். காற்றாடி ஓடவில்லை.' செவ்வாய் பன்னிரண்டு பத்துக்கும் அதே 'ஷெட் 1'. கடைசியாக, புதன்கிழமை பன்னிரண்டு எட்டுக்கு ஒன்று: 'ஷெட் 1, ஷெட் 4.'

"செத்த மறுநாள்தான் அந்த மிசினுக்கு நாலாம் ஷெட்டு ஞாபகம் வந்திருக்குதுங்க அம்மிணி" என்றார் இளஞ்செழியன். "எங்க பஸ் ஓனரும் இப்படித்தான். வண்டி குடை சாஞ்சப்புறம் பிரேக்க மாத்துவாரு."

தேவிப்ரியா சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வரியைத் தன் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"சார், மெசேஜ் வந்த மணியப் பாத்தீங்க. எந்த ஷெட்டுன்னு பாக்கலீங்களா?"

"ஒரே பண்ணைதானுங்களே."

"ஒரே ஸ்டேஷன்தானுங்க. அதுக்குன்னு உங்களப் பாக்கோணும்னா லாக்கப்புலயா வந்து தேடறோம்?" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

பண்ணை வாசலில் ஊதா நிறத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். நோய் வராமல் இருக்க அந்த ஏற்பாடு. கோழிகளைப் புதைத்த பள்ளத்தின் நாற்றம் வாசல் வரை வந்தது. குழந்தைவேலின் மருமகன் பிரபாகர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தான். பண்ணையின் கரண்ட், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு.

"நாலாம் ஷெட்டு அங்கீங்க" என்று கை காட்டினான்.

"ஒண்ணாம் ஷெட்டத் திறங்க" என்றாள் தேவிப்ரியா.

"அதுல என்னங்க இருக்குது? வெள்ளிக்கிழமையே கோழியெல்லாம் ஏத்தி அனுப்பியாச்சு. கழுவிச் சுண்ணாம்புத் தூள் போட்டுப் பூட்டி வெச்சிருக்குது. காத்தாடியும் நாங்களேதான் நிறுத்தி வெச்சிருக்கறோம்."

"காலி ஷெட்டுக்கா நாலு நாளா மெசேஜ் வந்துது?"

"மூடிக் கெடக்கற எடமுங்க. மத்தியானம் உள்ள கொதிக்குமில்லீங்களா? மிசினுக்குக் கோழி இருக்குதா இல்லையான்னு தெரியுமா?"

சாவி வந்தது. கதவு திறந்தது. உள்ளே தரை முழுக்க மாவு சலித்துப் போட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் வாசலிலிருந்து காற்றாடிச் சுவர் வரை செருப்புத் தடங்கள். தேவிப்ரியா வாசற்படியிலேயே உட்கார்ந்து எண்ணினாள். போனது நான்கு வரிசை, வந்தது நான்கு வரிசை. எட்டிலும் இடது குதிகால் பாதி நிலாவாகத் தேய்ந்திருந்தது.

"அண்ணா, இந்தக் கடைசி வரிசையைப் பாருங்க."

இளஞ்செழியன் பார்த்தார். மற்ற தடங்கள் அடி அடியாக இருந்தன. கடைசியாக உள்ளே போனது மட்டும் இரண்டு முழம் தாண்டித் தாண்டி விழுந்திருந்தது.

"ஓடியிருக்குதுங்க" என்றார். முதல் தடவையாக அவர் நையாண்டி ஏதும் சேர்க்கவில்லை.

மெசேஜ் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது வேலை. காலி ஷெட் என்று தெரிந்தும் நான்கு நாளும் போய்ப் பார்த்தாள் அந்தப் பெண். செவ்வாய்க்கிழமை என்ன தோன்றியதோ, ஓடியே வந்தாள். இல்லாத கோழிகளைக் காப்பாற்ற அவள் இங்கே ஓடிவந்த நேரத்தில், இருநூறு அடி தள்ளி இருபதாயிரம் கோழிகள் மூச்சுக்குத் தவித்தன. அசையாமல் இருந்தாள் என்று எழுதிக் கொடுத்தவர் இந்தக் கதவை ஒரு தரம் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"காலி ஷெட்ட லிஸ்டுல இருந்து எடுக்க முடியாதுங்களா?" தேவிப்ரியாவின் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"முடியுமுங்க. அவளுந்தான் தினம் வந்து கேட்டா, காலி ஷெட்டுக்கு மெசேஜ் வருது, எடுத்துருங்கன்னு. மாமா வேண்டாம்னுட்டார்." சொன்ன பிறகுதான் பிரபாகருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"ஏன் வேண்டாமாம்?"

"அது ராசி ஷெட்டுங்க. மாமா மொதமொதல்ல சூடம் கொளுத்திக் குஞ்சு உட்டது இதுலதான். எங்க பண்ணையில எந்த லிஸ்டும் ரெண்டுல ஆரம்பிக்கக் கூடாது. ஒண்ணாம் நம்பர அழிச்சாப் பண்ணை வெளங்காதும்பார். தீவனச் சீட்டுல கூட அது காலியா இருந்தாலும் ஒண்ணுன்னு எழுதிப் பூஜ்ஜியம் போட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவோமுங்க."

"அந்த மெசேஜ் மிசினு ஆரு செஞ்சு குடுத்தது?"

"சேலத்துலீங்க. அஸ்தம்பட்டி."

இளஞ்செழியன் பெருமூச்சு விட்டார். "நம்ம ஆபீசுக்கு ரெண்டு தெரு தள்ளிங்க அம்மிணி. காலையில டீ குடிக்கப் போன எடத்துலயே கேஸ முடிச்சிருக்கலாம்."

சந்தோஷ்குமாரின் அலுவலகம் ஏற்காடு சாலையை ஒட்டிய சந்தில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் இருந்தது. ஆத்தூர்க்காரன். இருபத்தெட்டு வயதிருக்கும். பண்ணைகளுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் சூடு பார்க்கும் பெட்டி செய்து கொடுக்கிறான். இவர்கள் யார் என்று தெரிந்ததும் கேட்காமலேயே சொன்னான்:

"மேடம், எல்லாம் என் தப்புதான். புரோகிராமைத் தப்பா எழுதிட்டேன்."

"ஒக்காருங்க தம்பி" என்றார் இளஞ்செழியன். "டிக்கெட் கேக்கறதுக்கு முந்தியே காசை நீட்டறவன்கிட்டத்தான் செல்லாத நோட்டு இருக்கும். மொதல்ல என்ன தப்புன்னு சொல்லுங்க."

அவன் திரையைத் திருப்பி, செவ்வாய்க்கிழமை மதியம் ஓடிய புரோகிராமைக் காட்டினான். மொத்தமே ஒன்பது வரிகள். ஐந்து ஷெட்டையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும் ஒரு லூப். கோளாறான ஷெட்டைக் கண்டால் அதன் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தையும் பார்த்து முடித்த பின் எடுத்ததையெல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆனால் 'அனுப்பிவிட்டுக் கிளம்பு' என்கிற ரிட்டர்ன் வரி லூப்புக்குள்ளேயே இருந்தது. அதனால் கோளாறான முதல் ஷெட் கிடைத்த நிமிடமே அது அந்த ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு வேலையை முடித்துக்கொண்டது. மிச்ச ஷெட்டுகளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பந்தியில மொத எலைக்குச் சோறு போட்டுட்டு வாளியக் கவுத்துட்டுப் போனவன் மாதிரிங்க" என்றார் இளஞ்செழியன்.

"ஆமாம் சார்."

"ஒண்ணாம் ஷெட்டு காலியாக் கெடந்து கொதிக்கற வரைக்கும், நாலாம் ஷெட்டு எத்தன கத்துனாலும் வெளிய கேக்காது" என்றாள் தேவிப்ரியா. "அப்படித்தானுங்களே?"

"ஆமாம் மேடம்."

"இப்படி எழுதற அளவுக்கு நீங்க ஏமாந்தவர் இல்லீங்க. ஆரு எழுதச் சொன்னது?"

சந்தோஷ்குமார் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "முதல்ல ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித்தனியா மெசேஜ் போற மாதிரி சரியாத்தான் எழுதியிருந்தேன். மாசி மாசம் பிரபாகர் சார் கூப்பிட்டாரு. கரண்ட் போனா அஞ்சு ஷெட்டுக்கும் அஞ்சு மெசேஜ் வருது, கல்யாண வீட்ல உக்காந்திருக்கறப்ப போன் கத்திக்கிட்டே இருக்குதுன்னாரு. ஒரு மிஸ்டு கால் குடுத்தா ஆளு ஓடி வரமாட்டானா, எதுக்கு அஞ்சு, ஒண்ணு போதும்னாரு. சரின்னு, ஒண்ணு அனுப்பினதும் நிக்கற மாதிரி அந்த ரிட்டர்ன் வரியை லூப்புக்குள்ள வெச்சேன். ஆனா ஒரு காவலும் வெச்சேன் மேடம். ஷெட் காலின்னு பண்ணையில பதிஞ்சா, 'லிஸ்டுல இருந்து எடுக்கலாமா'ன்னு பெரியவர் போன்ல ஒரு கேள்வி வரும். ஆமான்னு அழுத்திட்டா அதை விட்டுட்டு மத்ததைப் பாக்கும்."

"என்ன அழுத்துனார்?"

திரையில் இன்னொரு பக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு பன்னிரண்டு. கேள்வி: ஷெட் 1 காலி, எடுக்கலாமா? பதில்: வேண்டாம். அழுத்தியவர்: குழந்தைவேல்.

இளஞ்செழியன் எழப்போனார். "அவ்வளவுதானுங்களே அம்மிணி. பெரியவர் கை தவறிப் போட்டுது. போலாமுங்களா?"

தேவிப்ரியா அசையவில்லை. நோட்டைத் திறந்து, இரண்டு கோடு போட்டிருந்த வரியைச் சந்தோஷ்குமாரின் முன்னால் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ஷெட்டுதான் வந்துது. புதன்கிழமை மத்தியானம் ரெண்டு வந்திருக்குது. நடுவுல அந்த வரி லூப்ப உட்டு வெளிய போயிருக்குதுங்க. எப்பப் போச்சு?"

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"புகார் எழுதுனது புதன்கிழமை காலையிலீங்க. கோளாறு எதுன்னு தெரிஞ்சு சரி பண்ணிப் போட்டு, அப்புறம் போய் எழுதிக் குடுத்திருக்கறாங்க. அது உங்களுக்கும் தெரியும்."

"செவ்வாய் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மாத்தினேன்" என்றான். "மேடம், எனக்கு அந்தப் பக்கம் முப்பது பண்ணை இருக்கு. அவரு ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தனும் என்னைக் கூப்பிட மாட்டான்."

"புரோகிராம மாத்தி எழுதுனதக் கூட மன்னிச்சுப் போடுவேனுங்க. ஒரு பொம்பள ஜெயிலுக்குப் போறான்னு தெரிஞ்சும் ரெண்டு நாளா வாய மூடிட்டு ஒக்காந்திருந்தீங்களே, அதுக்கு என்ன பேருங்க?"

சந்தோஷ்குமார் தன் செல்போனை எடுத்து, எதையோ தேடி, அவள் பக்கம் தள்ளினான். அவள் காதில் வைத்துக் கேட்டாள். அரை நிமிடம்கூட இல்லை.

"செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள் எழுந்து. "நீங்களும் நாமக்கல் வாரீங்க."

மூன்றே கால். காவல் நிலையத்தில் குழந்தைவேல் சலவை வேட்டியோடு இன்ஸ்பெக்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரபாகர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். உஷாராணி காலையில் உட்கார்ந்த அதே பெஞ்சு நுனியில் இருந்தாள். வேனுக்கு டீசல் போட்டாகிவிட்டது என்று ஏட்டு வந்து சொன்னார்.

தேவிப்ரியா செல்போனில் எடுத்த செருப்புத் தடங்களைக் காட்டினாள். ஒன்பது வரிகளைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை 'வேண்டாம்' என்று அழுத்தியதைச் சொன்னாள். குழந்தைவேல் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து வருத்தமாகத் தலையாட்டினார்.

"எனக்கு இந்த மிசினு எழவெல்லாம் என்னங்க தெரியும் சாமி? ராசி ஷெட்டு, பேர அழிக்க மனசு வரல. மெசேஜ் வந்தும் புள்ள போகலியோன்னு நெனச்சேன். தெரியாமப் போச்சு."

"தெரியாமத்தானுங்களா?"

"சாமி சத்தியமாங்க."

தேவிப்ரியா சந்தோஷ்குமாரைப் பார்த்தாள். அவன் போனை மேசை மேல் வைத்து அழுத்தினான். குழந்தைவேலுக்கு டைப் செய்ய வராது. எதுவானாலும் வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவார். இதையும் செவ்வாய் இரவு ஏழரைக்குப் பேசி அனுப்பியிருந்தார்.

"சந்தோசு, நீ சொன்னது புரிஞ்சுது. நாலாம் ஷெட்டுல மோட்டாரு தானாக் கருகி நின்னுருக்குது, பொட்டி மொத ஷெட்டச் சொல்லிப் போட்டுக் கம்முனு இருந்துக்கிச்சு. சரி பண்ணிட்டீல்ல, அதோட உடு. ஆருகிட்டயும் மூச்சு உடாதே. அந்தப் புள்ளைக்குத்தான் மெசேஜ் போயிருக்குதே, காலையில அவ மேல எழுதிக் குடுத்தர்றேன். ராசி ஷெட்டால போச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு வரக் கூடாது பாத்துக்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இந்தத் தடவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ராசிக்குச் சூடம் கொளுத்துங்க, ஆரும் வேண்டாங்கல" என்றாள் தேவிப்ரியா, அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "அந்தம்மாவையும் சேத்து எதுக்குங்க கொளுத்துனீங்க?"

குழந்தைவேல் உஷாராணி பக்கம் திரும்பினார். "கண்ணு, நான் புகார வாங்கிக்கறேன். நாளைக்கு வேலைக்கு வந்துரு. மனசுல வெச்சுக்காதே."

"ஒம்போது வருசமுங்க" என்றாள் உஷாராணி. எழுந்து நின்றாள். "நாலு நாளா அந்தக் காலி ஷெட்டுக்குப் போய்ப் போய் வந்தேன். பேர எடுங்க, பேர எடுங்கன்னு தினமும் கேட்டேன். உள்ள அத்தன உசுரு செத்துக் கெடந்தத நான்தானுங்க மொதல்ல பாத்தேன். ராவெல்லாம், நான்தான் கொன்னுட்டேனோன்னு நெனச்சுட்டுக் கெடந்தேன். நீங்க அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் தெரிஞ்சுட்டு, உண்டுட்டுத் தூங்கியிருக்கறீங்க." இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "எனக்கு ஒரு காகிதம் குடுங்க சார். நான் எழுதிக் குடுக்கோணும். பொய்ப் புகாரு."

"பொட்டியப் பாத்துக்கறது மாப்பிள்ளதானுங்க" என்றார் குழந்தைவேல் அவசரமாக. "ஒரு மெசேஜ் போதும்னு சொன்னதே அவருதான். அவரு பேர எழுதிக்கங்க."

பிரபாகர் நிலையை விட்டு நிமிர்ந்தான். மாமனாரைப் பார்த்த பார்வையில் அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்து வருடச் சண்டை தெரிந்தது.

"மருமகன் எதுக்குங்கறது இப்பத்தான் தெரியுதுங்க" என்றார் இளஞ்செழியன்.

இன்ஸ்பெக்டர் தானே எழுதினார். நடந்ததை உஷாராணி சொல்லச் சொல்லப் பக்கம் நிறைந்தது. கடைசியில் குற்றம் சாட்டப்படுகிறவர்களுக்காக 'எதிரிகள்' என்று தலைப்புப் போட்டு, கீழே '1. பிரபாகர்' என்று எழுதினார். குழந்தைவேலின் வேட்டியை ஒரு முறை பார்த்தார். பேனாவை மூடினார். காகிதத்தைக் கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

உஷாராணி படித்தாள். கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை அவர் பக்கமே திருப்பினாள்.

"நீங்களும் மொதப் பேரோட நிறுத்திப் போட்டீங்க சார். லிஸ்டு இன்னும் முடியலீங்க. ரெண்டு, குழந்தைவேலு. மூணு, அந்தா நிக்கற தம்பி."

சந்தோஷ்குமார் தலையைக் குனிந்து சரி என்றான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.